'டர்போ போச்சு' என்று சொன்னால் என்ன கேட்க வேண்டும்?

பின்னால் பைக்கில் வருபவர் கையை ஆட்டிக் காட்டிய பிறகுதான் பல கார் உரிமையாளர்களுக்கு விஷயமே தெரியவரும். சைலன்சரிலிருந்து புகை. மறுநாள் பட்டறைக்குப் போனால், மெக்கானிக் பானெட்டைத் திறந்து ஒரு ரப்பர் ஹோஸைக் கழற்றுவார். உள்ளே விரலை விட்டு ஆயில் பிசுக்கை எடுத்துக் காட்டுவார். "டர்போ போச்சு சார், மாத்தணும்." அவ்வளவுதான் பரிசோதனை. எஸ்டிமேட்டில் பல பத்தாயிரங்கள் ஏறிவிடும். பணத்தைக் கட்டிப் புது டர்போ போட்டு, சில மாதங்களில் அதே புகையோடு அதே பட்டறை வாசலில் வந்து நிற்பவர்கள் உண்டு.

அந்த விரல்நுனி ஆயில் எதையும் நிரூபிப்பதில்லை. இன்ஜினின் அடிப்பகுதியில் சேரும் ஆயில் ஆவியை வெளியே விடாமல், காற்று உள்ளே போகும் குழாய்க்கே திருப்பி அனுப்பும் அமைப்பு இன்றைய கார்கள் எல்லாவற்றிலும் இருக்கிறது. அதனால் நல்ல நிலையிலுள்ள டர்போ காரின் ஹோஸிலும் மெல்லிய ஆயில் படலம் படிந்துதான் இருக்கும். படலத்துக்கும் தேங்கி நிற்கும் ஆயிலுக்கும் வித்தியாசம் தெரியாத உரிமையாளரிடம் எதையும் காட்டிப் பணம் வாங்கிவிட முடிகிறது. இந்தக் கட்டுரை அந்த உரிமையாளருக்காக.

ஒரு காலத்தில் டர்போ என்பது லாரிக்காரர்களின் கவலை. 2007-இல் ஸ்விஃப்ட் டீசல் வந்தபோது அதிலிருந்த ஃபியட்டின் 1.3 லிட்டர் இன்ஜின் டர்போவை நடுத்தரக் குடும்பத்தின் வாசலுக்குக் கொண்டுவந்தது. மறைமலைநகரில் தயாரான ஃபோர்டு ஈகோஸ்போர்ட் 2013-இல் சிறிய பெட்ரோல் டர்போவோடு வந்தது. பிறகு நெக்ஸான், வென்யூ, மேக்னைட், டைகுன் என்று பட்டியல் நீண்டுவிட்டது. இன்று டர்போ வைத்திருக்கிறோம் என்பதே தெரியாமல் ஓட்டுபவர்கள்கூட இருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு வாரண்டி முடியும் நேரம் நெருங்குகிறது.

டர்போசார்ஜர் என்பது ஒரே தண்டின் இரு முனைகளில் இரண்டு சக்கரங்கள். வெளியேறும் புகையின் வேகம் ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. மறுமுனைச் சக்கரம் காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளுகிறது. சிறிய கார்களின் டர்போவில் அந்தத் தண்டு நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்றுவரை போகும். அவ்வளவு வேகத்தில் சுழலும் தண்டைத் தாங்குவது ஒரு மெல்லிய ஆயில் படலம். இன்ஜினின் பம்ப் அழுத்தத்தோடு அனுப்பும் ஆயில் தண்டைச் சுற்றி ஓடி, கீழே உள்ள குழாய் வழியாகத் தன் எடையாலேயே இன்ஜினின் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்புக்கு இறங்குகிறது. அந்த இறக்கத்துக்குப் பம்ப் கிடையாது.

விவகாரம் முழுவதும் இந்த இறக்கத்தில்தான் இருக்கிறது. கீழே இறங்கும் குழாய் அடைத்துக்கொண்டாலோ, பிஸ்டன் ரிங் தேய்ந்து இன்ஜினுக்குள் அழுத்தம் கூடினாலோ (நம் மெக்கானிக்குகள் 'பேக் கம்ப்ரஷன்' என்று சொல்லும் நிலை), ஆயில் இறங்க வழியின்றி டர்போவுக்குள்ளேயே தேங்கும். அங்குள்ள சீல்கள் தேங்கிய ஆயிலைத் தடுக்கும்படி செய்யப்பட்டவை அல்ல. ஆயில் இருபுறமும் கசிந்து எரிகிறது, நீலப் புகை வருகிறது. டர்போவில் குறை இல்லாமலேயே டர்போ வழியாகப் புகை வருவது இப்படித்தான். புது டர்போவைப் போட்டாலும் குழாய் அடைப்பும் அழுத்தமும் அப்படியே இருக்கும். டர்போ பெரும்பாலும் பாதிக்கப்பட்ட தரப்பு. குற்றவாளி வேறிடத்தில் இருப்பான். புகைக்கு மூலகாரணம் எது என்பதை எழுத்தில் கேட்டு வாங்காமல் பணம் கட்டக் கூடாது என்பதே உரிமையாளர் முதலில் மனத்தில் இருத்த வேண்டியது.

நீலப் புகையைக் கண்டால் முதலில் செய்ய வேண்டியது காசு செலவில்லாதது. சமதளத்தில் காரை நிறுத்தி, இன்ஜின் ஆறிய பிறகு டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்ப்பது. சர்வீஸ் முடிந்து வந்த கையோடு புகை தொடங்கினால் ஆயில் அளவுக்கு மேல் ஊற்றப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். கூடுதலை வடித்துவிட்டாலே சில கார்களில் புகை நின்றுவிடும். அடுத்து, இன்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் தளர்த்திப் பார்க்கச் சொல்லலாம். உள்ளிருந்து புகை குபுகுபுவென்று தள்ளிக்கொண்டு வந்தால் இன்ஜினுக்குள் அழுத்தம் இருக்கிறது. அது ரிங் தேய்மானமாக இருக்கலாம்; ஆயில் ஆவியைத் திருப்பி அனுப்பும் பிரீதர் வால்வு அடைத்திருக்கலாம். பிரீதரை மாற்றும் செலவு டர்போவின் விலையில் ஒரு சிறு பங்கு.

புகை எப்போது வருகிறது என்பதும் சாட்சிதான். இரவு முழுக்க நின்ற கார் காலையில் ஸ்டார்ட் ஆனவுடன் ஒரு வீச்சு நீலமாக விட்டு நிறுத்திவிட்டால் வால்வு சீல் மேல் சந்தேகம். மேட்டில் பாரத்தோடு ஏறும்போது தொடர்ந்து வந்தால் ரிங். சிக்னலில் நீண்ட நேரம் நின்று, பச்சை விழுந்து மிதித்ததும் மேகமாகக் கிளம்பினால் டர்போவோ வால்வு சீலோ. இவை உறுதியான தீர்ப்புகள் அல்ல. எங்கே தேடத் தொடங்குவது என்பதற்கான தடயங்கள். கைப்பேசியில் நேரத்தோடு வீடியோ எடுத்து வைத்துக்கொண்டால் பட்டறையிலும் உதவும், பின்னால் வழக்கு என்று வந்தாலும் உதவும்.

டர்போவா இன்ஜினா என்று பிரித்தறிய ஒரு நேர்மையான வழி இருக்கிறது. டர்போவின் பின்னால் உள்ள சைலன்சர் குழாயைக் கழற்றிப் பார்க்க வேண்டும். டர்போவின் வெளிவாயில் ஆயிலில் நனைந்திருந்து, அதற்கு முன்னால் இன்ஜினிலிருந்து புகை வரும் மேனிஃபோல்டு வாய்கள் உலர்ந்திருந்தால் கசிவு டர்போவில். மேனிஃபோல்டு வாய்களே ஆயிலாக இருந்தால் ஆயில் இன்ஜினிலிருந்து வருகிறது. டர்போவை மாற்றிப் பயனில்லை. காற்றுப் பக்கத்திலும் இதே தர்க்கம்தான்: டர்போவுக்கு முன்னுள்ள ஹோஸ் உலர்ந்தும் பின்னுள்ள ஹோஸும், டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரும் ஆயில் தேங்கியும் இருந்தால் டர்போ; இரண்டுமே நனைந்திருந்தால் பிரீதர். தண்டைக் கையால் பிடித்து ஆட்டிப் பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பக்கவாட்டில் லேசான ஆட்டம் இயல்பு, ஏனென்றால் ஓடும்போது அந்த இடைவெளியை ஆயில் நிரப்பும். முன்னும் பின்னும் ஆடினால், அல்லது சக்கரத்தின் இதழ்கள் சுவரில் உரசிய தடம் இருந்தால், டர்போ போனது உண்மை.

அப்படி உண்மையிலேயே போயிருந்தாலும் ஏன் போனது என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. 10,000 கிலோமீட்டரில் மாற்ற வேண்டிய ஆயிலை 20,000 வரை ஓட்டியிருக்கலாம். தவறான தரத்தில் ஊற்றியிருக்கலாம். நெடுஞ்சாலையில் விரட்டி வந்து உடனே சாவியை அணைக்கும் பழக்கம் இருந்திருக்கலாம். அடுப்பை அணைத்த பிறகும் சூடான சட்டியில் கிடக்கும் எண்ணெய் கருகிப் பிடித்துக்கொள்வதுபோல, ஓட்டம் நின்ற ஆயில் டர்போவுக்குள் கரியாகிக் குழாயை அடைக்கும். ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு அணைத்தால் போதும். புது டர்போ பொருத்தும்போது ஆயில் வரும் குழாய், இறங்கும் குழாய், சம்பின் வடிகட்டி, இன்டர்கூலர் எல்லாம் சுத்தம் செய்யப்பட்டனவா, ஆயிலும் ஃபில்டரும் மாற்றப்பட்டனவா என்று பில்லில் வரி வரியாக இருக்க வேண்டும். முழு டர்போ தேவையா, நடுப்பாகமான காட்ரிட்ஜ் மட்டும் மாற்றினால் போதுமா என்றும் கேட்கலாம். செலவு வித்தியாசம் பெரிது.

கறுப்புப் புகை வேறு கதை. எரிபொருளுக்குத் தகுந்த காற்று கிடைக்கவில்லை என்பது அதன் பொருள். டீசல் காரில் பிக்கப் குறைந்து, மிதிக்கும்போது 'உஸ்' என்ற சத்தத்தோடு கறுப்பாக வந்தால், டர்போவிலிருந்து இன்டர்கூலர் வழியாக இன்ஜினுக்குப் போகும் ஹோஸ் கிழிந்திருக்கவோ கிளிப் கழன்றிருக்கவோ கூடும். டர்போ அழுத்திய காற்று வழியிலேயே வெளியேறிவிடுகிறது. ஏர் ஃபில்டர் அடைப்பு, திறந்தபடி சிக்கிக்கொண்ட இ.ஜி.ஆர். வால்வு (வெளியேறும் புகையில் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்புவது), இன்ஜெக்டர் கோளாறு ஆகியவையும் இதே விளைவைத் தரும். ஸ்கேனரை மாட்டி 'பி0299' என்ற குறியீட்டைக் காட்டி "கம்ப்யூட்டரே டர்போ கெட்டதுன்னு சொல்லுது" என்பார்கள். அந்தக் குறியீட்டின் பொருள் காற்றழுத்தம் குறைவு என்பது மட்டுமே. கிழிந்த ஹோஸுக்கும் அதே குறியீடுதான் வரும். புகை ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் டர்போ இதழ்கள் கரி பிடித்து அசையாமல் நிற்பதற்கும், வேக்குவம் குழாயில் விழுந்த சிறு ஓட்டைக்கும் அதேதான். இதழ்களைச் சுத்தம் செய்தே சரிப்படுத்த முடியும்.

2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ்.6 விதிப்படி தயாரான டீசல் கார்களில் கரித்துகளைப் பிடிக்கும் டி.பி.எஃப். வடிகட்டி இருக்கிறது. அந்தக் கார்களில் கண்ணுக்குத் தெரியும்படி கறுப்புப் புகை வரவே கூடாது. வந்தால் வடிகட்டி உடைந்திருக்கிறது, அல்லது யாரோ எடுத்துவிட்டிருக்கிறார்கள். பழைய கார் வாங்குபவர்கள் இதை மறக்கக் கூடாது. அதே வடிகட்டி நீலப் புகையை ஓரளவு மறைத்தும் விடும். ஆயில் குறைந்துகொண்டே போகும், புகை தெரியாது. அங்கே டிப்ஸ்டிக்தான் சாட்சி.

வெள்ளைப் புகையில் பாதி பயம் வீணானது. உதகையிலும் கொடைக்கானலிலும் விடியற்காலையில் எல்லாக் கார்களும் வெள்ளையாக விடும். அது நீராவி, இன்ஜின் சூடானதும் மறையும். சூடான பிறகும் அடர்த்தியாக வந்து, இனிப்பு வாடை அடித்து, கூலன்ட் அளவு குறைந்துகொண்டே போனால் ஹெட் கேஸ்கட் அல்லது இ.ஜி.ஆர். கூலர். ரேடியேட்டரில் எரிந்த வாயு கலந்திருக்கிறதா என்று நிறம் மாறும் திரவத்தால் கண்டுபிடிக்கும் எளிய சோதனை இருக்கிறது. அதைச் செய்யாமல் ஹெட்டைக் கழற்ற யாரையும் அனுமதிக்க வேண்டாம். சூடான இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவும் வேண்டாம்.

வெள்ளத்துக்குப் பிறகு வரும் வெள்ளைப் புகை தனியாகப் பேசப்பட வேண்டியது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் ஏராளமான கார்கள் நீரில் மூழ்கின. டர்போ காரில் இன்டர்கூலர் பொதுவாக முன்பக்கம் தாழ்வாக இருக்கும். அதிலும் ஹோஸ்களிலும் தேங்கிய நீர் செல்ஃப் அடித்தவுடன் சிலிண்டருக்குள் உறிஞ்சப்படும். நீரை அழுத்த முடியாது. கனெக்டிங் ராடு வளையும். சாதாரண காப்பீட்டில் இந்த இன்ஜின் சேதத்துக்குப் பணம் கிடைக்காமல் போகலாம், ஏனென்றால் நனைந்த காரை ஸ்டார்ட் செய்ததால் வந்த 'பின்விளைவு' என்று நிறுவனம் சொல்லும். இன்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் இணைப்பு எடுத்தவர்களுக்கு நிலைமை வேறு. எடுத்தவரோ எடுக்காதவரோ, மூழ்கிய காரைத் தொடாமல் புகைப்படம் எடுத்து, காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவித்து, இழுவை வண்டியில் ஏற்ற வேண்டும்.

புகையைத் தள்ளிப்போடுவதில் உயிராபத்தும் இருக்கிறது. டர்போ சீல் முழுதாக விட்டுப்போன டீசல் இன்ஜின், கசியும் ஆயிலையே எரிபொருளாகக் குடித்துத் தானாக வேகமெடுக்கும். சாவியை அணைத்தாலும் நிற்காது, ஏனென்றால் அதற்கு இப்போது டீசல் தேவையில்லை. வெள்ளையும் நீலமுமாகப் புகை சாலையை மூடும். மேனுவல் கியர் காரில் பிரேக்கை அழுத்திப் பிடித்து, உயர்ந்த கியரில் போட்டுக் கிளட்சை விட்டு இன்ஜினை மூச்சுமுட்டச் செய்யலாம். முடியாவிட்டால் எல்லாரும் இறங்கித் தள்ளி நிற்க வேண்டும். பானெட்டைத் திறந்து கையை விடக் கூடாது. ஆபத்து காரில் இருப்பவர்களோடு நிற்பதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-இல் டீசல் புகையை மனிதருக்கு உறுதியாகப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. பள்ளி வாசலில் இன்ஜினை ஓடவிட்டு நிற்கும் புகைக் காருக்குப் பின்னால் குழந்தைகள் நிற்கிறார்கள் என்பதை உரிமையாளர் ஒருமுறையாவது நினைத்துப் பார்க்க வேண்டும்.

சட்டம் இதை லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 115-ஆவது விதிப்படி, பதிவு செய்து ஓராண்டு ஆன வாகனம் புகைப் பரிசோதனைச் சான்று வைத்திருக்க வேண்டும். பி.எஸ்.4, பி.எஸ்.6 வாகனங்களுக்கு அது ஓராண்டும் பழைய வாகனங்களுக்கு ஆறு மாதமும் செல்லும். டீசல் புகையின் அடர்த்தி பழைய வாகனங்களில் 65 ஹார்ட்ரிட்ஜ் அலகையும், பி.எஸ்.4 வாகனங்களில் 50 அலகையும் தாண்டக் கூடாது. சான்று கையில் இருந்தாலும், புகை கண்ணில் பட்டால் சப்-இன்ஸ்பெக்டருக்குக் குறையாத காவல் அதிகாரியோ மோட்டார் வாகன ஆய்வாளரோ எழுத்து மூலம் மறுபரிசோதனைக்கு அனுப்ப 116-ஆவது விதி இடம் தருகிறது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவில் முதல் குற்றத்துக்கே 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஓட்டுநர் உரிமமும் மூன்று மாதம் பறிபோகும்.

பெட்ரோல் காருக்கான பரிசோதனை கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரோகார்பனையும் அளக்கிறதே தவிர, நீலப் புகையை நேரடியாக அளப்பதில்லை. ஆகவே "எமிஷன் பாஸ் ஆயிருக்கே சார்" என்று பழைய கார் விற்பவர் சொன்னால் அது இன்ஜினுக்கான நற்சான்று ஆகாது. அடைத்துக்கொண்ட டி.பி.எஃப்.-ஐ அறுத்தெடுத்து, கணினியில் மறைத்துவிடலாம் என்று யோசனை சொல்லும் பட்டறைகளும் இருக்கின்றன. மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவின்படி அனுமதியில்லாத மாற்றத்துக்கு உரிமையாளருக்கே ஆறு மாதம் வரை சிறையோ, மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ. யோசனை சொன்ன பட்டறைக்காரர் அந்த நேரத்தில் பக்கத்தில் நிற்கமாட்டார்.

இனி உரிமைகள். வாரண்டி இருக்கும் காரில் புகை வந்தால் முதலில் கேட்க வேண்டியது ஜாப் கார்டு. "நீலப் புகை, காலையில் ஸ்டார்ட் செய்யும்போது, 1,000 கிலோமீட்டருக்கு இவ்வளவு ஆயில் குறைகிறது" என்று உரிமையாளர் சொன்ன சொற்களிலேயே அதில் எழுதச் சொல்ல வேண்டும். 'ஜெனரல் செக்கப்' என்று எழுதிய ஜாப் கார்டு பின்னாளில் எதற்கும் உதவாது. ஆயில் குறைவதை இயல்பு என்று சொல்லித் திருப்பி அனுப்பும் வழக்கம் உண்டு. 1,000 கிலோமீட்டருக்கு அரை லிட்டர் வரை ஏற்கத்தக்கது என்று கூறும் உரிமையாளர் கையேடுகளும் இருக்கின்றன. அப்படியானால் அளந்து பார்க்கட்டும். ஆயிலைச் சரியான அளவுக்கு நிரப்பி, ஆயில் மூடிகளுக்கு முத்திரையிட்டு, குறிப்பிட்ட தூரம் ஓட்டி மீண்டும் அளக்கும் சோதனையை எழுத்து மூலம் கோரலாம்.

வெளியே ஆயில் மாற்றியதால் வாரண்டி போய்விட்டது என்று சொல்லப்படும் இடத்தில் ஒரு தீர்ப்பு கைகொடுக்கும். 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களையும் பரிசோதனைக் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்காமல் செய்தது குற்றச்சாட்டு. வெளியில் சர்வீஸ் செய்தார் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யக் கூடாது, வெளிப் பட்டறையின் தவறான வேலையால் வந்த சேதத்தின் அளவுக்கு மட்டுமே மறுக்கலாம் என்று ஆணையம் அந்த உத்தரவில் சொன்னது. அபராதத்தின்மேல் மேல்முறையீடுகள் நடந்தன என்றாலும், அந்தக் கொள்கையைச் சுட்டிக்காட்டி "என் ஆயில் மாற்றம் இந்த டர்போவை எப்படிக் கெடுத்தது என்று எழுதிக் கொடுங்கள்" என்று கேட்க உரிமையாளருக்கு எல்லா நியாயமும் இருக்கிறது. அதற்கு அவரிடம் ஆயிலின் தரம் குறிக்கப்பட்ட பில் இருக்க வேண்டும். பில் தர மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடவடிக்கை.

கழற்றிய பழைய டர்போவைக் கேட்டு வாங்கிக்கொள்வதும் அவசியம். வாரண்டியில் இலவசமாக மாற்றினால் நிறுவனம் எடுத்துக்கொள்ளும். கைக்காசு கொடுத்து மாற்றியவருக்குப் பழைய பாகம் அவருடைய பொருள். எக்ஸ்சேஞ்ச் முறையில் விலை குறைத்திருந்தால் மட்டும் விதிவிலக்கு. தண்டு ஆடாத, இதழ் உரசாத டர்போ ஒன்று கையில் இருந்தால் அதைவிடப் பெரிய ஆதாரம் வேறில்லை.

பழைய கார் வாங்கும் இடத்தில் ஏமாற்று இன்னும் எளிது. கெட்டியான ஆயிலோ புகையடக்கும் கலவையோ ஊற்றினால் சில நூறு கிலோமீட்டருக்கு நீலப் புகை அடங்கிவிடும். வாங்குபவர் வருவதற்குமுன் காரை ஓட்டிச் சூடாக்கி வைத்துவிடுவார்கள். பானெட்டைத் தொட்டுப் பார்த்துச் சூடாக இருந்தால் மறுநாள் காலை வருவதாகச் சொல்லிவிட்டு, குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும். சில நிமிடம் ஐடிலில் விட்டு, வேறொருவரைப் பின்னால் நிற்கச் சொல்லி மிதிக்க வேண்டும். 2023 ஏப்ரல் முதல் பழைய கார் வணிகர்கள் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரச் சான்று பெற வேண்டும் என்ற விதி இருக்கிறது. அங்கீகாரம் பெற்றவரிடம் வாங்கினால் புகார் கொடுக்க ஒரு முகவரி இருக்கும். தனிநபரிடம் வாங்கினால் நுகர்வோர் ஆணையத்தின் கதவு திறப்பது கடினம். இன்ஜின் நிலையை விற்பவர் கைப்பட எழுதிக் கொடுத்த தாள்தான் ஆதாரம்.

பேச்சில் தீராதபோது 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தொடங்கலாம். பெரிய நிறுவனங்கள் பலவும் அங்கே பதிலளிக்கின்றன. அடுத்த படி மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை உள்ளவை அங்கேயே வரும். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை, ஆகவே பழுதுபார்ப்புத் தகராறுகள் பெரும்பாலும் செலவின்றித் தாக்கலாகும். கார் வாங்கிய ஊரில்தான் போட வேண்டும் என்ற பழைய தொல்லையும் இல்லை: தேனியில் வசிப்பவர் சென்னையில் வாங்கிய காருக்குத் தேனியிலேயே புகார் கொடுக்கலாம். வழக்கறிஞர் கட்டாயமில்லை, இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். சர்வீஸ் சென்டரின் சமாதானங்களை நம்பி இந்தக் கெடுவைத் தவறவிட்டுவிடக் கூடாது.

எதைக் கேட்பது என்பதிலும் நிதானம் தேவை. 2006-இல் மாருதி உத்யோக் தொடர்பான வழக்கு ஒன்றில், கிளட்ச் குறைக்காக முழுக் காரையும் மாற்றித் தரச் சொன்ன உத்தரவை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. வாரண்டி சொல்வது குறையுள்ள பாகத்தை மாற்றுவதைத்தான் என்றது. புகைக்கும் டர்போவுக்காகப் புதுக் கார் கேட்டு வழக்கைப் பலவீனப்படுத்துவதைவிட, வீணாகக் கட்டிய தொகை, சரியான பழுதுபார்ப்பு, அலைச்சலுக்கான இழப்பீடு என்று கேட்பது வலுவானது. உற்பத்திக் குறை என்று வாதிட்டால் நிபுணர் அறிக்கை வேண்டியிருக்கும். பொருளைச் சோதனைக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. சோதனை தேவைப்படும் வழக்கை ஐந்து மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், நடைமுறையில் தாமதமாகும் என்பதை எதிர்பார்த்தே இறங்க வேண்டும்.

ஒரே மாடலில் பலருக்கும் ஒரே புகை என்றால் அது தனிமனிதச் சண்டையாக இருக்க வேண்டியதில்லை. 2013-இல் ஜெனரல் மோட்டார்ஸ், மாசு அளவுக் கோளாறுக்காக 1.14 லட்சம் தவேரா வண்டிகளைத் திரும்ப அழைத்தது. டாக்ஸியாக நம் சாலைகளில் ஏராளமாக ஓடிய வண்டி அது. அன்று திரும்ப அழைப்பதைக் கட்டாயமாக்கும் சட்டம் இந்தியாவில் இல்லை. தென் கொரியாவில் 2018-இல் பி.எம்.டபிள்யூ. டீசல் கார்கள் அடுத்தடுத்துத் தீப்பிடித்தபோது, கசியும் இ.ஜி.ஆர். கூலர் காரணம் என்று தெரியவந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் அங்கே திரும்ப அழைக்கப்பட்டன. குறையை மறைத்ததாகச் சொல்லி அரசு 1,120 கோடி வோன் அபராதம் விதித்தது. நம் நாட்டில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் சேர்க்கப்பட்ட 110ஏ பிரிவு, சுற்றுச்சூழலுக்கோ பயணிப்பவர்க்கோ தீங்கு செய்யும் குறைக்காக வாகனங்களைத் திரும்ப அழைக்க மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. 2021 ஏப்ரல் முதல் ஏழு ஆண்டுக்குட்பட்ட வாகனங்களுக்கு இது நடைமுறையில் உள்ளது. புகார்களின் எண்ணிக்கை வரையறுத்த அளவைத் தொட்டால் விசாரணை தொடங்கும். சர்வீஸ் சென்டரில் மட்டும் கத்திவிட்டு வருபவரின் புகார் அந்தக் கணக்கில் சேர்வதில்லை. சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் இணையதளத்தில் பதிவு செய்தால்தான் சேரும்.

காப்பீட்டு நிறுவனம் வெள்ளச் சேதத்தையோ தீ விபத்தையோ மறுத்தால் அதற்கு வேறு வாசல். நிறுவனத்துக்கு எழுதி, 30 நாளில் பதில் வராவிட்டாலோ பதில் திருப்தி தராவிட்டாலோ காப்பீட்டு ஆம்புட்ஸ்மனிடம் போகலாம்; சென்னையில் அலுவலகம் இருக்கிறது, கட்டணம் கிடையாது. விபத்து நேரத்தில் புகைச் சான்று காலாவதியாகியிருந்தது என்பதற்காக மட்டும் இழப்பீட்டை மறுக்கும் வழக்கம் குறித்து, அப்படிப் பொருள்கொள்ளக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2020 ஆகஸ்டில் விளக்கம் வெளியிட்டது. ஆனால் தேய்மானத்தால் தானாகப் போன டர்போவுக்குச் சாதாரணக் காப்பீட்டில் பணம் கிடைக்காது. இயந்திரக் கோளாறு விலக்கப்பட்ட இனம்.

டாக்ஸி ஓட்டுபவர்கள் இதையெல்லாம் தமக்கில்லை என்று நினைத்து ஒதுங்கிவிடுகிறார்கள். மஞ்சள் போர்டு என்றாலே வணிக நோக்கம், நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது என்று அவர்களிடம் சொல்லப்படுகிறது. ஆனால் சுயதொழிலாகப் பிழைப்புக்காக மட்டுமே வாங்கிய வாகனத்தைச் சட்டம் வணிக நோக்கத்திலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. கடன் தவணை கட்டிக்கொண்டு தானே ஓட்டிப் பிழைக்கும் ஒருவர், தவறாக மாற்றப்பட்ட டர்போவுக்கான பில்லோடு, பட்டறையில் வண்டி நின்ற நாள்களின் வருமான இழப்பையும் சேர்த்தே தன் மாவட்ட ஆணையத்தில் கேட்கலாம்.